வெளியூரில் பார்த்த தோட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணில் அமைக்க முடியுமா?

கேள்வி: தென்பெண்ணைக்கரை, காவேரிப்பட்டணம்

நண்பர்களுக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கு அருகில் வீட்டை ஒட்டி எங்களுக்கு 20 சென்ட் நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது பெங்களூரா மாந்தோப்பு. பட்டுப்போன மரங்களை அகற்றிய பிறகு மேற்கு ஓரத்தில் இரண்டு மாமரங்களும் பழைய கிணற்றடியில் ஒரு புளியமரமும் மட்டும் நிற்கின்றன. செம்மண், சில இடங்களில் கடப்பாறையை இறக்கினால் விரைவிலேயே பாறை தட்டுகிறது.

மகன் இங்கிலாந்தில் வேலை செய்வதால் ஜூன் மாதம் அங்கு போயிருந்தோம். எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற அம்மையார் உருவாக்கிய கூழாங்கல் தோட்டத்தைப் பார்த்தோம். வண்டி நிறுத்தும் இடமாக இருந்த கட்டாந்தரையை அப்படி மாற்றியிருக்கிறார் என்பதும், நட்டு வேர் பிடித்த பிறகு அதற்குத் தண்ணீரே விடுவதில்லை என்பதும் என்னை வெகுவாகக் கவர்ந்தன. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது என்று அப்போது தோன்றியது. வீட்டில் உள்ளவர்களோ பேரக்குழந்தைகள் விளையாடப் புல்தரையும், பூப்பறிக்கக் குண்டுமல்லியும் வேண்டும் என்கிறார்கள்.

என் தயக்கம் தட்பவெப்பம் பற்றியது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டதால் மாமரங்களுக்கு டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அதே ஆண்டு டிசம்பரில் அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரே ஆண்டில் இரண்டையும் பார்க்கும் நிலத்தில் எதை நம்பித் தோட்டம் அமைப்பது? தோட்ட அமைப்பில் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: பசுமைவரைவு, ஓசூர்

ஐயா, வணக்கம். தோட்ட வடிவமைப்பே என் தொழில். ஓசூர், ராயக்கோட்டை, தருமபுரிப் பக்கங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். வெளியூரில் தோட்டம் பார்த்துவிட்டு வந்து படத்தைக் காட்டி இதுபோல வேண்டும் என்று கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, அந்தத் தோட்டத்தை எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதைத்தான். சுற்றுலா போகிறவர்கள் அந்தந்த ஊரின் நல்ல பருவம் பார்த்துத்தான் போகிறார்கள். ஜூன் மாதத்து எசெக்ஸும் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சியின்போது லால்பாகும் அழகாக இருப்பதில் வியப்பில்லை. நான் பயணம் போகும் இடங்களில் பூவைப் பார்ப்பதற்கு முன் வடிகாலைப் பார்ப்பேன். தோட்டக்காரர் கிடைத்தால், ஆண்டிலேயே உங்களுக்குக் கொடுமையான மாதம் எது, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். வீட்டுக்குக் கொண்டுவரத் தகுந்த செய்தி பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும்.

பெத் சாட்டோவின் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட அது இங்கிலாந்தின் வறண்ட மூலையில் இருக்கிறது. ஆண்டு மழை 500 மி.மீ. அளவில்தான். நம் மாவட்டத்தில் 800 மி.மீ.க்கு மேல் பெய்கிறதே, நமக்கு இன்னும் எளிதல்லவா என்று தோன்றும். ஆனால் அங்கே அந்த மழை பன்னிரண்டு மாதங்களிலும் சிறிது சிறிதாக விழுகிறது. வெயிலும் மென்மையானது என்பதால் விழுந்த நீர் மண்ணில் தங்குகிறது. நமக்கோ மே மாதத்து இடிமழையைத் தவிர்த்தால் பெரும்பகுதி ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் வெறுமைதான். இன்னொன்று, 40 டிகிரி வெயிலில் திறந்து கிடக்கும் கூழாங்கல் பகலெல்லாம் சூடேறி இரவில் அதை வெளிவிடும். அதை ஒட்டிய சன்னலைத் திறந்து வைக்க முடியாது. அவர் நட்ட லாவெண்டர் முதலிய மத்தியதரைக்கடல் பகுதிச் செடிகள், குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் பழகியவை. நம் ஊரில் வெப்பத்தோடு சேர்ந்து வரும் மழையில் அவற்றின் வேர் அழுகிவிடும்.

ஆகவே கல்லையும் செடியையும் விட்டுவிடுங்கள். அந்த அம்மையார் செய்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் இறுகிய தரையை ஆழமாகக் கிளறி, மட்கிய உரம் சேர்த்து, அதன் பிறகே நட்டார். செடிகளைத் தேர்ந்தபோதும், அந்த மண்ணும் மழையும் எந்த நாட்டில் இயல்போ அந்த நாட்டுச் செடிகளைத் தேடிப் போனார். அதே கேள்வியை நீங்கள் கேட்டால் விடைக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. அஞ்செட்டிக் காட்டு ஓரத்திலும் தொப்பூர்க் கணவாயிலும் ஆவாரை, வெட்பாலை, கிளுவை, ஆச்சா, பலாசு என்று வரிசையாக நிற்கின்றன. ஆவாரை ஒன்றை மட்டும் திரளாக நட்டு, இடையில் உடைகல்லும் இரண்டு பெரிய பாறைகளும் வைத்தாலே, இங்கிலாந்துத் தோட்டத்துக்குச் சற்றும் குறையாத மஞ்சள் உங்களுக்குக் கிடைக்கும். நாற்றங்கால்களில் ஆவாரையைக் கேட்டால் சிரிப்பார்கள். விதை சேகரித்து நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா உருவாக்கிய லுனுகங்கா தோட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1948இல் வாங்கிய ரப்பர்த் தோட்டத்தை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் செதுக்கிக்கொண்டே இருந்தார் அவர். அது நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை பெறும் ஊர் என்பதால் அங்குள்ள பசுமையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அங்கு புகழ்பெற்ற ஈழத்தலரி மரங்கள் நம் வெயிலிலும் வாழும். வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அவற்றின் கிளைகள் படர்ந்து வளைய வேண்டும் என்பதற்காகப் பாவா அவற்றில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அந்தப் பொறுமைதான் நம்மில் பலரிடம் இல்லை. ஆறு மாதத்தில் கிரகப்பிரவேசம், அதற்குள் தோட்டம் வேண்டும் என்கிறார்கள்.

நமக்கு மிக அருகிலுள்ள பாடம் பெங்களூருதான். 1908இல் லால்பாகுக்கு வந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கத் தொடங்கும்படி சாலை மரங்களைத் திட்டமிட்டார். அதை நம் மரங்களைக் கொண்டு செய்து பார்க்கலாம்: மாசி, பங்குனியில் பலாசு, சித்திரையில் சரக்கொன்றை, அதை ஒட்டிப் புங்கன், ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி. முன்பு இந்த அட்டவணையை வாடிக்கையாளரிடம் துணிந்து கொடுப்பேன். இப்போது சரக்கொன்றை சில ஆண்டுகளில் மாசியிலேயே பூத்துவிடுவதையும், புங்கன் தளிர்க்கும் நாள் முன்பின்னாவதையும் பார்ப்பதால், மாதப் பெயரை எழுதாமல் வரிசையை மட்டும் எழுதித் தருகிறேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வறட்சியும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வருவது முரண் போலத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றுதான். காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆதலால் மழையில்லாத நாளில் மண்ணிலிருந்து அதிகமாக உறிஞ்சும், பெய்யும் நாளில் அதிகமாகக் கொட்டும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அத்தனை மழை உங்கள் 20 சென்ட்டில் விழுந்திருந்தால் அது 4 லட்சம் லிட்டர். நம் பகுதியின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் என்று பொருள். இந்த நீர் எந்த வழியாக உள்ளே வந்து எங்கே நின்று எப்படி வெளியேறும் என்பதைத் தாளில் வரைந்த பிறகே எந்தச் செடியின் பெயரையும் எழுத வேண்டும்.

நம் முன்னோர் ஏரி வெட்டியபோது வரத்துக்கால், நீர் நிற்கும் பகுதி, மிஞ்சியது வெளியேறக் கலங்கல் என்று மூன்றையும் வைத்தார்கள். 20 சென்ட் தோட்டமும் அப்படி ஒரு சிறிய ஏரிதான். நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, இரண்டு அடி ஆழத்தில் அகலமான பள்ளம் ஒன்றை எடுங்கள். அதன் கரையில் மருதம், நாவல், நொச்சி, வெட்டிவேர் ஆகியவை நிற்கட்டும். அவை சில நாள் நீரையும் சில மாத வறட்சியையும் தாங்கும். பள்ளம் நிரம்பினால் வெளியேறும் இடத்தைக் கல் பதித்து உறுதி செய்யுங்கள். எடுத்த மண்ணைக் கொண்டு மற்றொரு பக்கத்தை உயர்த்தினால் ஆவாரையும் குண்டுமல்லியும் அந்த மேட்டில் வேர் அழுகாமல் இருக்கும். நீங்கள் ஆசைப்பட்ட கல் பரப்பையும் அங்கேயே, புளியமர நிழல் மாலையில் விழும் இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

புல்தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவுக்கு நீர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர அடிக்கு நாள்தோறும் சுமார் 465 லிட்டர் வேண்டும். டேங்கர் வாங்கி மாமரத்தைக் காப்பாற்றிய வீட்டில் இது நியாயமாகாது. குழந்தைகள் விளையாட 250 சதுர அடி போதும். கொரியன் புல் வேண்டாம். அருகம்புல் போடுங்கள், ஓரங்களில் பொடுதலை படரவிடுங்கள். கோடையில் பழுத்தால் பழுக்கட்டும், முதல் மழைக்குத் திரும்பிவிடும்.

பதில்: பாம்பாறு, ஊத்தங்கரை

பசுமைவரைவு அவர்கள் சொன்ன அந்த மழையை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஊரில் ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்துக்கு அருகே நின்ற வண்டிகளைத் தண்ணீர் இழுத்துப் போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எனக்குச் சிறிய நாற்றங்காலும் கொஞ்சம் கொல்லையும் உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு எவை பிழைத்தன என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

முதலில் போனவை பப்பாளியும் முருங்கையும். இரண்டு மூன்று நாள் வேரில் தண்ணீர் நின்றாலே அவை தாங்குவதில்லை. எலுமிச்சை உடனே சாகாமல் மெல்ல மெல்ல இலை பழுத்து, தைக்குப் பிறகு பட்டது. புங்கன், நாவல், தென்னை ஆகியவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நொச்சி முன்பைவிடச் செழித்தது. மண்ணை மூடியிருந்த தென்னை மட்டைத் துண்டுகளும் சருகும் மிதந்து பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டன. பாதையில் கொட்டியிருந்த சிறு கூழாங்கல்லை வாய்க்காலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தோம். ஆதலால் கல் போடுவதாக இருந்தால், வழவழப்பான உருண்டைக் கல் வேண்டாம்; குவாரியிலிருந்து வரும் முக்கால் இஞ்ச் உடைகல் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

ஒரு செய்தியில் மட்டும் அவரோடு மாறுபடுகிறேன். 20 சென்ட்டில் மருதமரம் வேண்டாம். அது ஆற்றங்கரையில் நின்று வானளாவ வளரும் மரம். வளர்ந்த பிறகு பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைதான் மிஞ்சும். நாவல் ஒன்று போதும், அதற்குக் கீழே நொச்சி.

நடவுக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நாங்கள் இன்னும் விடவில்லை, ஆனால் மரக்கன்றுக்கு ஆடியை மட்டும் நம்பியிருப்பதில்லை. சித்திரையிலேயே மூன்றடிக் குழி எடுத்து, எருவும் சருகும் போட்டு ஆறவிட்டுவிடுவோம். கோடைமழை வந்தால் குழிக்குள் ஈரம் இறங்கும், வராவிட்டாலும் நட்டமில்லை. பிறகு ஆவணி, புரட்டாசியில் மழை நிலைத்த பிறகு நடுவோம். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். உறைக்குள் வேர் சுருண்டு கிடக்கும் ஆறடிக் கன்றைவிட, வேர் நேராக இருக்கும் இரண்டடிக் கன்று மூன்றாம் ஆண்டில் முந்திவிடும். நாற்றங்கால் வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

பதில்: மேலகிரிச் சாரல், தேன்கனிக்கோட்டை

இந்தத் திரியை மேட்டுப்பகுதியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சில சொற்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும் எங்கள் தட்பவெப்பம் வேறு. ஓசூரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளிப் பக்கம் அதைவிட உயரம். கொய்மலருக்காக ஓசூர் பெயர் பெற்றதற்கு இந்தக் குளிர்ச்சிதான் காரணம். காவேரிப்பட்டணத்தில் தவிக்கும் ரோஜா இங்கே எளிதாகப் பூக்கும். ஆனால் எங்களுக்கு வேறொரு விருந்தாளி உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கி வருகின்றன. பெங்களூருவிலிருந்து வந்து காட்டோரத்தில் பண்ணை வீடு கட்டுகிறவர்கள் பலாவும் வாழையும் கரும்பும் நட்டுவிட்டு, யானை வருகிறது என்று புகார் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் வடிவத்தை முடிவு செய்வதில் அவற்றின் வழித்தடத்துக்குத்தான் முதல் இடம்.

அழகுக்காகச் செடி கொண்டுவருவது பற்றியும் ஓர் எச்சரிக்கை. இன்று மேலகிரிக் காட்டுக்குள் அடர்ந்து கிடக்கும் உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுச்செடியாகவே இந்தியாவுக்கு வந்தது. நீலகிரிக் காடுகளை மூடிய மஞ்சக்கொன்றையும் அப்படி வந்த மரம்தான். அதை அகற்ற வனத்துறை இன்று பெரும்பாடுபடுகிறது. தட்பவெப்பம் மாறும்போது எந்த வெளிநாட்டுச் செடி கட்டுமீறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, மகனிடமிருந்து விதைப் பொட்டலம் வருவதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஐயா. செடியும் விதையும் அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு. காகிதப்பூவைப் பற்றிப் பசுமைவரைவு அவர்களின் கருத்து என்ன? அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதானே?

பதில்: தென்பெண்ணைக்கரை, காவேரிப்பட்டணம்

மூவருக்கும் நன்றி. விதைப் பொட்டலம் ஒன்று உண்மையிலேயே வருவதாக இருந்தது. அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருதத்தை விட்டு நாவலை ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். தாழ்ந்த பக்கத்தில் பள்ளம் எடுக்கப் பார்த்தபோது, நடுவில் ஒன்றரை அடியிலேயே அகலமான பாறை தட்டுகிறது. வெடிவைத்து எடுக்கலாம் என்று கொத்தனார் சொல்கிறார். மற்றொன்று, எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. குண்டுமல்லி இலைகள் ஓரம் கருகுகின்றன. கிணற்று நீர் அல்லாமல் வேறு வழி உண்டா?

பதில்: பசுமைவரைவு, ஓசூர்

முதலில் மேலகிரிச் சாரல் அவர்களுக்கு. காகிதப்பூ நம் வெயிலில் விதை கட்டிப் பரவுவதை நான் பார்த்ததில்லை. குச்சி நட்டாலோ பதியன் போட்டாலோதான் பெருகுகிறது. எனவே வேலியோரம் வைப்பதில் எனக்குத் தடையில்லை. யானை வழித்தடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற கருத்தை முழுமையாக ஏற்கிறேன்; அந்தப் பக்கத்து வேலைகளில் நானும் அப்படித்தான் செய்கிறேன். மருதத்தைப் பற்றிப் பாம்பாறு அவர்கள் சொன்னதும் சரி; என் கண்முன் இருந்தது ஏக்கர் கணக்கிலான பண்ணை நிலம்.

பாறைக்கு வெடி வேண்டாம், ஐயா. வீட்டுக்கு அருகில் அனுமதியின்றி வெடிவைப்பது குற்றம். வைத்தால் கிணற்றின் ஊற்றுக்கண்ணும் வீட்டுச் சுவரும் பாதிக்கப்படலாம். அந்தப் பாறையின் மேலுள்ள மண்ணை முழுவதும் வாரியெடுத்து, அதைத் திறந்து விடுங்கள். நம் பக்கத்துப் பாறைக்கு இணையான சிற்பம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மழை நீர் அதன் மேல் வழிந்து இரு பக்கமும் பிரியும். அந்த இரு பக்கங்களிலும் பள்ளத்தை இரண்டாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பாறை இடுக்குகளில் சோற்றுக்கற்றாழையும் பிரண்டையும் வைத்தால் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

கிணற்று நீருக்கு மாற்று உங்கள் கூரைதான். உங்கள் வீட்டு மாடி 1,000 சதுர அடி இருந்து, ஆண்டு மழை 800 மி.மீ. என்றால், வீணாவது போக ஏறத்தாழ 60,000 லிட்டர் கிடைக்கும். அத்தனையையும் சேமிக்க வேண்டியதில்லை. 10,000 லிட்டர்த் தொட்டி ஒன்று வைத்து, நிரம்பி வழிவதைப் பள்ளத்துக்குத் திருப்பிவிடுங்கள். மல்லிக்கும் தொட்டிச் செடிகளுக்கும் மட்டும் மழைநீர். மற்றவற்றுக்கு முதல் இரண்டு கோடைகளில் கிணற்று நீரை வாரம் ஒரு முறை ஆழமாக விட்டால் போதும். நாள்தோறும் மேலாகத் தெளித்தால்தான் உப்பு மேல்மண்ணில் படிகிறது. ஆவாரை விதை கொல்லையோரத்தில் மாசி மாதம் முற்றும். நெற்று வெடிப்பதற்கு முன் பறித்து, கொதித்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். தோல் தடித்த விதை, அப்படியே போட்டால் முளைக்க நெடுநாள் ஆகும்.